ஒரே பெயரில் இரண்டு குழாய்கள்

மார்ச் 4, செவ்வாய். காலை 8.00
பதினாறாம் லெவல், அமைதி அறை.

இந்தக் கோணல் எழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வரி மேலே ஏறும், பிறகு சரியும். ‘ழ’ ஒவ்வொரு தடவையும் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. நான் எழுதக் கற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று தெரியாது.

விசிறி ஓடுகிறது. பம்ப் ஓடுகிறது. ஊற்றுத் தண்ணீர் சேரும் குழியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பேட்டரி நிறைந்திருக்கிறது. ரத்தம் சோதிக்கும் கருவி சும்மா இருக்கிறது. எல்லாம் சரி.

‘எல்லாம் சரி’ என்று எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். போன வருஷம் வரை இதை வாயால் சொல்லி மேலே இருப்பவர்கள்தான் எழுதிக்கொண்டார்கள். இப்போது நானே எழுதுகிறேன். என் மருமகள் கோமளாதான் சொல்லிக்கொடுத்தாள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் என் பெயரைக் கற்பித்த அன்று மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. சிலேட்டில் எழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்தாள். நான்தான் சத்தமாக வாசித்தேன். தாண்டவன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இந்தக் குறிப்பைப் புதிதாகப் படிப்பவருக்கு: இது மூடிப்போன தங்கச் சுரங்கம். நான் இங்கே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவன். இப்போது இதன் அடியில் ஒரு சோதனைச்சாலை வைத்திருக்கிறார்கள். நான் அதன் காவல். ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு ஓடினால் பாறை அதிரும் என்பதால் வாரத்துக்கு ஒரு தடவைதான் இறக்குகிறார்கள். அதுவரை கீழே ஒரே ஆள். செல்போனும் கம்ப்யூட்டரும் கொண்டுவரக் கூடாது. அதனால்தான் பேனா.

மார்ச் 4, செவ்வாய். பிற்பகல் 3.00

இந்த வாரத்து ரத்தக் குழாய்கள் இறங்கின. கருவியில் அடுக்கிவிட்டேன். கூண்டின் அதிர்வு முழுதும் அடங்கிய பிறகு, வியாழன்தான் எண்ணும்.

நாங்கள் தேடுவது ஒரு புரதம். இந்தச் சோதனைச்சாலையை நடத்தும் டாக்டர் நிலோஃபர் எனக்கு இப்படி விளக்கினார். நரம்பு என்பது வயர் மாதிரி. அதன் மேல் ரப்பர் போல ஓர் உறை இருக்கிறது. சில நோய்களில் உடம்பே அந்த உறையை அரிக்கிறது. அரித்த தூள் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைத் தூள் ஒரே ஒரு நோயில்தான் விழுகிறது. அந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். (இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.) தூள் அவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் ஒவ்வொரு துகளாக எண்ண வேண்டும். பூமிக்கு மேலே லாரி ஓடினாலும் ரயில் ஓடினாலும் எண்ணிக்கை கெட்டுவிடும். வானத்திலிருந்து விழும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் கெடுக்குமாம். அதனால் இத்தனை பாறைக்கு அடியில் வந்திருக்கிறோம். கருவி எண்ணும் ஒரு மணி நேரமும் இந்த லெவலில் விசிறி, பம்ப் எதுவும் ஓடாது. நானும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

இந்த அடுக்கில் என் பேரனுடைய குழாயும் இருக்கிறது. வீட்டில் குட்டி என்போம். இருபத்துமூன்று வயது. தினமும் ரயிலில் பெங்களூரு போய் லிஃப்ட் மாட்டும் வேலை செய்தவன். மழைக்காலத்தில் ஒரு கண் மங்கியது. வெந்நீரில் குளித்தால் இன்னும் மங்கும். தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறது என்றான். ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்றார், ஒருவர் மனசு என்றார். ஸ்கேன் பார்த்தவர், இது நான் மேலே எழுதிய நோய், இல்லையென்றால் இன்னொன்று, எது என்று சொல்ல முடியவில்லை என்றார். இரண்டும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்குமாம். ஆனால் ஒன்றுக்குப் போடும் ஊசியை மற்றதற்குப் போட்டால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடலாம். எது என்று இந்தக் கருவிதான் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். இந்தத் தடவை நானும் கொடுத்தேன். மேலே ஒரு பெண் பெயர், முகவரி எல்லாம் பதிந்தாள். பிறந்த தேதி கேட்டாள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்றேன். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள்.

மார்ச் 6, வியாழன். காலை 9.30

எண்ணி முடிந்தது. திரையில் பட்டியல் வந்தது. சிவப்பு என்றால் அந்தத் தூள் இருக்கிறது. பச்சை என்றால் இல்லை.

நான் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லாம் யார் யாரோ. நடுவில் ‘ஏ. தாண்டவன்’. திரையில் என் பெயரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விரலை வைத்து வாசித்தேன். கீழ் வரியிலும் ‘ஏ. தாண்டவன்’. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கண் தடுக்கியிருக்கும் என்று மறுபடி வாசித்தேன். இரண்டு தடவை இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கருவி முடிவுகளை மேலே அனுப்பிவிட்டுத் திரையை அணைத்துக்கொண்டது. அதை நான் தொடக் கூடாது.

விசிறி, பம்ப் போட்டாயிற்று. எல்லாம் சரி.

மார்ச் 6, வியாழன். காலை 11.15

பாறை வெடித்தது.

இந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். காதுக்கு முன்னால் வயிற்றில் கேட்கும். விளக்கு போனது. நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். எழுந்தபோது வாயெல்லாம் தூள்.

கூண்டு வரும் வழி அடைந்துவிட்டது. மின்சாரம் இல்லை. மேலே போகும் கேபிள் அறுந்துவிட்டது. கருவியிலிருந்து எடுத்து வைத்த குழாய் அடுக்கு கீழே விழுந்து எல்லாம் உடைந்து கிடக்கிறது, எது யாருடைய ரத்தம் என்று சொல்ல முடியாது. மேற்குச் சுவரில் புதிதாக ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர் வருகிறது. பழைய லெவல்களில் இத்தனை வருஷம் தேங்கிய தண்ணீர் அது. பேட்டரியில் விசிறியும் பம்பும் ஓடுகின்றன. கருவி அதன் ரப்பர் மேடையில் அசையாமல் இருக்கிறது. அதன் பச்சை விளக்கு எரிகிறது.

பயம்தான். எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது.

மார்ச் 6, வியாழன். பிற்பகல் 1.00

சுவர் டெலிபோன் பாதி உயிரோடு இருக்கிறது. மேலே பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை, வாய்ப் பக்கம் நசுங்கிவிட்டது. கூண்டை ஓட்டும் யேசுபாதம் பேசினார். நாற்பது வருஷப் பழக்கம்.

“தாண்டவண்ணே, கேக்குதா? உன் குரலு இங்க வரல. கேட்டா காத்துப் பைப்புல ஒரு தட்டு. கேக்கலன்னா ரெண்டு தட்டு.”

கேட்காதவன் எப்படி இரண்டு தட்டுவான்? இருந்த பயத்திலும் சிரிப்பு வந்தது. சுவரோரமாக மேலே போகும் அந்தப் பைப்பில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன்.

“இருக்கான்யா. எமனுக்கு அரிச்சுவடி சொல்லிக்குடுக்கப் போயிட்டான்னு பார்த்தேன்.”

பிறகு நிலைமையைச் சொன்னார். பழைய ஏணிக் குழி வழியாக ஆட்கள் வர முடியும். ஆனால் பாறை இன்னும் அடங்கவில்லை, இப்போது இறங்கினால் அவர்களுக்கும் ஆபத்து. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் நாளைக் காலை வரை என்னால் தாங்க முடியுமா என்று கேட்டார். இனிமேல் ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. ஒரு தட்டு தட்டினேன். அப்போது அது உண்மை.

மார்ச் 6, வியாழன். பிற்பகல் 1.40

டாக்டர் நிலோஃபர் பேசினார். எனக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் சொன்னார்.

“தாத்தா, ஒரு சேதி. கேபிள் அறுந்துபோறதுக்கு முன்னாடியே குட்டியோட ரிசல்ட் வந்துடுச்சு. ஆமாம்னு வந்திருக்கு. என்ன நோய்னு தெரிஞ்சாச்சு, இனி பயமில்ல. அவனுக்கு ரெண்டாவது கண்ணும் காலைலேருந்து மங்குதாம். ஆஸ்பத்திரியில சாயங்காலமே ஊசி போட்டுடுவாங்க.”

அந்த இடத்தில்தான் காலையில் திரையில் வந்தது ஞாபகம் வந்தது. பட்டியலை நான் முழுதும் வாசித்தேன். குட்டி என்று எந்தப் பெயரும் இல்லை.

எப்படி இருக்கும்? குட்டி என்பது வீட்டுக்குள்தான். என் அப்பா பெயர் ஏகாம்பரம். அந்தப் பெயரை என் மகனுக்கு வைத்தேன். என் மகன் என் பெயரை அவன் மகனுக்கு வைத்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. பெற்றவள் எப்படிக் கூப்பிடுவாள், அது மாமனார் பெயர் ஆயிற்றே. எனக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து ஏ. அவனுக்கும் ஏ. ஒரே வீடு, ஒரே முகவரி. என் பிறந்த தேதிக் கட்டம் காலி. கருவி இரண்டு குழாயையும் ஒரே ஆளுடையது என்று சேர்த்துவிட்டது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அப்படி வந்தால் சிவப்பைத்தான் மேலே அனுப்பும் என்று டாக்டரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தச் சிவப்பு அவனுடையதா, என்னுடையதா?

இரண்டு தட்டு தட்டினேன். டாக்டர், மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். இரண்டு தட்டு. தண்ணீர் ஏறிவிட்டதா என்றார். இரண்டு தட்டு. அடிபட்டிருக்கிறதா. இரண்டு. பின்னால் யாரோ ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. “காத்து கெட்டுப்போச்சு போல. பெருசு குழம்பிடுச்சு.”

நான் குழம்பவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். நான் குழம்பவில்லை.

மார்ச் 6, வியாழன். பிற்பகல் 2.30

தண்ணீர் குழி விளிம்புக்கு வந்துவிட்டது. பம்ப் ஓடியும் ஏறுகிறது.

கோமளாவை மேலே அழைத்து வந்திருக்கிறார்கள். என் மகன் ஆஸ்பத்திரியில் குட்டியோடு இருக்கிறான். அவள் அழுது நேரத்தைக் கழிக்கவில்லை. என்னிடம் எழுத்துக் கேட்டு வாங்கியது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“மாமா, எதுக்கு வேணாம் வேணாம்ங்கறீங்க? உங்களுக்கா?”

இரண்டு தட்டு.

“குட்டிக்கா?”

ஒன்று.

“ஊசி போட வேணாமா?”

ஒன்று.

“ரிசல்ட்டு தப்பா?”

இதற்கு என்ன தட்டுவது? தப்பு என்று எனக்குத் தெரியாது. சரி என்றும் தெரியாது. ஒரு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு, இரண்டு தட்டினேன்.

“தெரியலங்கறீங்க.”

ஒன்று.

பிறகு டாக்டரிடம் திரும்பி, லிஸ்டில் பையன் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஏ. தாண்டவன் என்று டாக்டர் வாசித்தார். ரத்தம் கொடுத்த சோதனைச்சாலை ஆட்களில் தன் மாமனார் எங்கே என்று கேட்டாள். டாக்டர் தேடினார். அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் சொல்லும்போதே குரல் மாறியது.

“ரெண்டு பேரு இருக்காங்க டாக்டரம்மா. எம் புள்ளை ஏ. தாண்டவன். எங்க மாமனாரும் ஏ. தாண்டவன்.”

என் வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நேராக என்னிடம் கேட்டார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சையா? ஒரு தட்டு. எது யாருடையது என்று தெரியுமா? இரண்டு தட்டு. பிறகு அவர் மெதுவாகப் பேசினார்.

“ஊசியை நிறுத்தச் சொல்லிட்டேன் தாத்தா. ஆனா சும்மாவும் இருக்க முடியாது. ரெண்டு நோயில எதுன்னாலும் இன்னைக்கே மருந்து போகணும், இல்லன்னா அந்தக் கண்ணு திரும்பாது. உங்க ரத்தத்தைத் தனியா எண்ணினா தெரிஞ்சிடும். உங்களோடது சிவப்புன்னா அவனோடது பச்சை. ஆனா அதுக்கு பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தணும். அதை நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன்.”

கோமளாவும் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன். பிற்பகல் 2.50

ரத்தச் சொட்டு வைக்கும் கண்ணாடி ஸ்லைடு ஒன்று உடையாமல் கிடைத்தது. விரலில் குத்தி ரத்தம் வைத்து, ஓரத்தில் என் பெயரை எழுதினேன். கருவி வாங்கிக்கொண்டது.

பம்பை நிறுத்தப் போகிறேன். பேட்டரி பாதிக்கும் கீழே. ஓடுகிற பம்ப் ஓடும். நின்ற பம்பைக் கிளப்ப அதைவிட அதிகம் வேண்டும். எனக்குத் தெரியும். எழுதிவைத்துவிட்டால் பயம் இந்தத் தாளில் தங்கிவிடும் என்று நினைத்தேன். தங்கவில்லை.

விசிறியை நிறுத்திவிட்டேன். இப்போது பம்ப்.

மார்ச் 6, வியாழன். மாலை 4.05

முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

பம்ப் நின்றதும் தண்ணீர் நடக்கும் சத்தம் கேட்டது. முன்பு அதைப் பம்பின் சத்தம் மூடியிருந்தது. டார்ச்சை அணைத்தேன். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் வந்து நாற்காலிக் காலைத் தொட்டது. அசையக் கூடாது.

டெலிபோன் தொங்கிக்கொண்டிருந்தது. யேசுபாதத்தின் குரல் எறும்பு பேசுவது போலக் கேட்டது. “அண்ணே, ஒரு தட்டு தட்டு.” நான் தட்டவில்லை. தட்டினால் பைப் அதிரும், எண்ணிக்கை கெடும், இன்னொரு ஸ்லைடு கிடையாது. “அண்ணே.” டாக்டர் அவரிடம், எண்ணுகிறாரோ என்னவோ, பொறுங்கள் என்றார். அப்படி இல்லாவிட்டால் என்று யாரோ கேட்டார்கள். நேரம் போகப் போக யேசுபாதம் என்னைத் திட்டத் தொடங்கினார். செத்துத் தொலைந்தாயா, கிழவா, சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றியதற்கு யார் பதில் சொல்வது என்றார். பிறகு அழுதார். உயிரோடு உட்கார்ந்து என் சாவுக்கு அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தட்டு போதும் அவர்களுக்கு. சுத்தியல் மடியில் இருந்தது. அதை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டேன்.

திரை எரிந்தது. ஒரே வரி.

ஏ. தாண்டவன். சிவப்பு.

மறுபடி எழுத்துக்கூட்டி வாசித்தேன். சிவப்பு. எனக்கு. நோய் எனக்கு. வாய்விட்டுச் சிரித்தேன். இடது கால் அடிக்கடி மரத்துப்போவதைக் குழியின் ஈரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தண்ணீரில் இறங்கிப் போய்ப் பைப்பில் ஒரு தட்டு தட்டினேன்.

மேலே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. டாக்டர் கேட்டார். “சிவப்பா தாத்தா? உங்களோடது?”

ஒன்று.

“அப்ப குட்டிக்கு இது இல்ல. இன்னொண்ணுதான். அதுக்கு மருந்து கையில இருக்கு.” அவர் ஆஸ்பத்திரிக்குப் பேசுவது கேட்டது. அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள், மற்றதை ஆரம்பியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். “உங்களுக்கும் வைத்தியம் பார்க்கணும். மேல வந்ததும் முதல் வேலை அதுதான்.”

கோமளா, “வர்றேன் மாமா, அவன்கிட்ட போறேன்,” என்றாள். அவ்வளவுதான். அதுதான் சரி.

மார்ச் 6, வியாழன். மாலை 4.30

பம்ப் கிளம்பவில்லை. மூன்று தடவை முயன்றேன். கடைசித் தடவை முனகக்கூட இல்லை.

மார்ச் 6, வியாழன். மாலை 4.50

யேசுபாதம் கேட்டார். “அண்ணே, பம்பை மறுபடி போட்டுட்டியா? ஓடுதா? ஓடலன்னா சொல்லு, நானும் நாலு பேரும் இப்பவே ஏணியில எறங்கறோம். பாறையாவது மண்ணாவது.”

பாறை இன்னும் அடங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை முணுமுணுக்கிறது. இப்படி முணுமுணுக்கும்போது உள்ளே இறங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். கோணிப்பையில் கொண்டுவந்தோம்.

ஒரு தட்டு தட்டினேன்.

“சரி. காலைல பாறை அடங்கினதும் வர்றேன். தூங்கிடாத.”

மார்ச் 6. மாலை

அலமாரி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தலை கூரையில் இடிக்கிறது. மேசை தெரியவில்லை. கருவியின் விளக்கு தண்ணீருக்கு அடியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, இப்போது இல்லை. டார்ச் மட்டும். காற்று கனமாக இருக்கிறது.

பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பைப் என் தோளுக்குப் பக்கத்தில்தான் போகிறது. இரண்டு தட்டு தட்டினால் போதும், இறங்கிவிடுவார்கள். கை இரண்டு தடவை சுத்தியலுக்குப் போய்விட்டது. சுத்தியலைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். ஆனால் பேனாவாலும் தட்டலாம், மோதிரத்தாலும் தட்டலாம். எழுதுகிற கை தட்டாது. அதனால் எழுதுகிறேன். நல்லவேளை, எனக்கு எழுத வெகு நேரம் ஆகும்.

என்ன எழுதுவது. ஏ. தாண்டவன் என்று இருபது தடவை எழுதலாம். அதில் பாதி அவனுக்கு.

பாறை முணுமுணுக்கிறது. இன்னும் அடங்கவில்லை.

கை பைப்புக்குப் போகிறது. எழுது.

அடுத்த வாரம் எழுதுகிறேன். குட்டியின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். அடுத்த வாரம் வரி நேராக வரும். அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அடுத்த வாரம் எழுதுகிறேன். அடுத்த வாரம் எழு